வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு சால்வை

ஷெட்லாந்துத் தீவுகளின் லேஸ் சால்வையைப் பார்த்தவர்கள் முதலில் அதன் வெள்ளையைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த வெள்ளை ஆட்டின் முதுகிலிருந்து அப்படியே வந்ததில்லை என்று எனக்குச் சொன்னவர், அபர்தீனில் எங்கள் கீழ்வீட்டில் இருந்த மூதாட்டி. அவர் அன்ஸ்ட் தீவில் பிறந்தவர். பிரிட்டனில் மனிதர் குடியிருக்கும் வடகோடித் தீவு அது. அவருடைய சிறு வயதில், பின்னி முடித்த சால்வையை அலசி, ஈரம் காயுமுன் ஒரு பீப்பாய்க்குள் தொங்கவிட்டு, அடியில் கந்தகத்தைக் கொளுத்தி, வாயைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்களாம். அந்தப் புகையில் வெளுத்த பிறகுதான் சால்வை கடைக்குப் போகும். “மறுநாள் வரைக்கும் தொண்டை எரியும்” என்பார். ஆனால் கந்தகத்தின் வெளுப்பு நிலைக்காது. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டுக் கம்பளி மெல்ல மஞ்சளுக்குத் திரும்பிவிடும்.

அந்தச் சால்வைகளை அவர் பெருமையாகத்தான் பேசுவார். ஆனால் வெள்ளையைப் பற்றிப் பேசும்போது குரலில் அந்தப் பெருமை இருக்காது. பல வருஷங்கள் கழித்து, அவர் கொடுத்த சால்வைக்குச் சாயம் போடலாமா கூடாதா என்று நான் தவித்தபோது, அந்தக் குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நாங்கள் அபர்தீனுக்குப் போனது எண்பதுகளில். வட கடல் எண்ணெயால் அந்த ஊர் பெருகிக்கொண்டிருந்த காலம். என் கணவருக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை. வீடுகள், பள்ளிக்கூடம், கோவில், வங்கி எல்லாமே சாம்பல் நிறக் கருங்கல்லில் கட்டிய ஊர். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். 1986 ஜனவரியில் மகள் பிறந்தாள். பிரசவம் பார்க்க அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திறங்கினாள். பெட்டியில் துணி கொஞ்சம்தான். மீதியெல்லாம் பிரசவ மருந்துப் பொடி, தேங்காய் எண்ணெய், வசம்பு, அப்பாவின் கிழிந்த வேட்டிகள்.

கீழ்வீட்டு அம்மாளும் என் அம்மாவும் எப்படிச் சிநேகமானார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருடைய ஷெட்லாந்துப் பேச்சு எனக்கே பாதிதான் புரியும். அம்மா அவரை “அக்கா” என்று கூப்பிட்டாள். அவரும் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் ஆனால் அம்மா கீழே போய் அவர் பின்னுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய வேலைதான் அது. இடுப்பில் ஒரு தோல் பட்டை. முன்பக்கம் அதில் சின்னத் திண்டு ஒன்று தைத்திருக்கும். உள்ளே குதிரை மயிர் அடைத்து, மேல் தோலில் வரிசையாக ஓட்டை போட்டிருக்கும். வலது ஊசியின் பின்முனையை ஓர் ஓட்டையில் செருகிவிட்டால் ஊசி அசையாது. கைக்குப் பாரமும் இல்லை. அந்தக் காலத்தில் முதுகுக் கூடையில் கரி மண்ணைச் சுமந்து நடக்கும்போதே பெண்கள் பின்னிக்கொண்டு வருவார்களாம். அந்த வயதிலும் அவர் விரல்கள் ஊசி முனையிலேயே நின்று வேலை செய்தன. கண் ஜன்னலில் இருக்கும். அம்மா மாடிக்கு வந்து சொன்னாள்: “ஏட்டி, நான் பூக்கட்டுத மாதிரில்லா இந்த அக்கா பின்னுதாக. நூலப் பார்க்கவே இல்ல.”

பிள்ளைக்குப் பெயர் வைத்த வாரம் சால்வை மேலே வந்தது. நாலடிக்கு நாலடிச் சதுரம். நடுவில் பறவைக் கண் என்று அவர்கள் சொல்லும் சின்னச் சின்னக் கண்கள், நாலு பக்கமும் வளைந்து வளைந்து ஓடும் அலை, அதற்கு வெளியே பல் பல்லாக விளிம்பு. நூலை ஊசியில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றினால் ஓர் ஓட்டை. பக்கத்திலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் எண்ணிக்கை பழையபடி. இந்த இரண்டே வித்தையில்தான் அத்தனை அலையும் அத்தனை கண்ணும். சால்வையோடு, அதே நூலில் ஒரு சின்னச் சிட்டமும் வைத்துக் கொடுத்தார். எங்காவது விட்டால் தைத்துக்கொள்வதற்கு.

பச்சைப் பிள்ளை மேல் கம்பளி நேராகப் படக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். முதலில் அப்பாவின் வேட்டித் துண்டு, அதன் மேல் சால்வை. தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய. சுட்ட வசம்பை உரசி நெற்றியிலும் உள்ளங்காலிலும் பொட்டு. அத்தனையும் சால்வையில் ஒட்டும். கீழ்வீட்டு அம்மாள் அதைப் பார்த்து முகம் சுளித்ததே இல்லை. சால்வை அழுக்காவதை விரும்பியதுபோலக்கூட இருக்கும் அவர் பார்வை.

பிறகு அந்த வீடு மாறினோம். அவர் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் போனாள். சால்வை மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய தலையணை உறைக்குள் கிடந்தது. மகள் கிளாஸ்கோவில் வீடு பார்த்துப் போனபோது பெட்டியைக் கிளறி வெளியே எடுத்தாள். மொத்தமும் வெளிறிய மஞ்சள். எண்ணெய் பட்ட இடமெல்லாம் பழுப்புத் திட்டு. எண்ணெய் நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து நூலில் இறுகிவிடும். அதன் பிறகு எந்த சோப்புக்கும் அசையாது. ஓரமாக வசம்புக் கறுப்பு ஒரு தீற்றல். பூச்சி அரித்த ஓட்டை ஒன்று.

“அம்மா, இதை நான் போட்டுக்கலாமா?” என்றாள்.

போட்டுக்கொள் என்றேன். கழுத்தில் சுற்றிக் கண்ணாடியில் பார்த்தாள். “இப்படியே ஆபீஸுக்குப் போட்டுப் போக முடியாது. கலர் போட முடியுமா?”

எங்கள் பின்னல் குழுவில் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட மூத்த ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அன்ஸ்ட் லேஸுக்கு யாராவது சாயம் போடுவார்களா, அமிலம் இல்லாத தாளில் சுற்றிப் பத்திரப்படுத்த வேண்டியதல்லவா என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சாயம் போட்டால் திரும்பி வர வழியில்லை. பழைய லேஸை அப்படியே காப்பாற்றி வைத்தவர்கள் இருந்ததால்தான், அன்ஸ்டின் ஹரால்ட்ஸ்விக்கில் இருக்கும் பாரம்பரிய மையத்தில் கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் சால்வைகளை இன்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறது. கழுத்துப் பக்கத்து மயிரைக் கத்தரிக்காமல் கையாலேயே பறித்து, தலைமுடியைவிடச் சன்னமாக நூற்ற நூல். அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அப்படிப்பட்ட ஒன்று என் கையில் இருந்திருந்தால் நானும் தொட்டிருக்கமாட்டேன்.

ஆனால் அந்த வெள்ளைச் சால்வைகளைப் பின்னியவர்கள் அவற்றைப் போர்த்திக்கொள்ளவில்லை. அது விற்பனைச் சரக்கு. லெர்விக்கில் பிறந்த ஆர்தர் ஆண்டர்சன், பின்னாளில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் விட்ட பி அண்ட் ஓ கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1837இல் விக்டோரியா அரசிக்கு ஷெட்லாந்துக் காலுறைகளைப் பரிசளித்தார். அரச குடும்பம் அணிந்தது என்றதும் சீமாட்டிகளுக்கு ஷெட்லாந்துப் பின்னல் மேல் மோகம் வந்தது. லேஸ் சால்வை 1851 லண்டன் பெருங்கண்காட்சி வரைக்கும் போயிற்று. பின்னியவளுக்குக் கிடைத்தது என்ன? வியாபாரி காசு கொடுக்கமாட்டான். சால்வையை வாங்கிக்கொண்டு தேயிலையும் துணியும் கொடுப்பான். 1872இல் அரசாங்க விசாரணை நடந்தபோது பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து இதைச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மாவு வாங்கக் காசு வேண்டி, கிடைத்த தேயிலையை அக்கம்பக்கத்தில் மாற்றியவர்கள் உண்டு.

அவர்கள் தங்களுக்கென்று பின்னிக்கொண்டது ‘ஹாப்’. தடித்த நூல், அன்றாடச் சால்வை. மார்பில் குறுக்காகச் சுற்றி முதுகில் முடிந்துகொள்வது, பிள்ளையைச் சுற்றுவது. ஷெட்லாந்து ஆடுகளில் வெள்ளை மட்டுமா? சாம்பல், செம்பழுப்பு, கறுப்பு என்று எத்தனையோ. ஹாப்பின் ஓரத்தில் அந்த இயற்கை நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக அலையலையாக வைத்துப் பின்னுவார்கள். வீட்டில் புழங்கிய சால்வையில் நிறம் இருந்தது. வெள்ளை கடைக்குப் போனது. கீழ்வீட்டு அம்மாள் என் மகளுக்குக் கொடுத்தது விற்பனைச் சரக்கு இல்லை. எண்ணெயும் வசம்பும் பட்டுப் புழங்கட்டும் என்று கொடுத்தது. அதைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தால்தான் அவருக்கு அநியாயம் என்று எனக்குப் பட்டது.

என்ன நிறம் என்பது அடுத்த கேள்வி. மகளுக்கு நீலத்தில் ஆசை. மஞ்சள் ஏறிய கம்பளியில் நீலம் போட்டால் பச்சையாகத்தான் விழும்; பழுப்புத் திட்டுகளோ அழுக்காகத் தெரியும். பழைய துணிக்குச் சாயம் போடும்போது அதில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தை எதிர்த்து நிற்கக் கூடாது. அதைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். மஞ்சளையும் பழுப்பையும் விழுங்கக்கூடிய நிறம் ஒன்று எங்கள் அடுப்படியிலேயே இருந்தது. பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல்.

மஞ்சள் தூளை ஏன் போடவில்லை என்று ஊரில் கேட்டார்கள். மஞ்சள் உடனே பிடிக்கும், பார்க்க மங்களமாகவும் இருக்கும். ஆனால் வெயிலில் நிற்காது. வெங்காயத் தோலில் இருக்கும் குவெர்செட்டின் என்ற பொருள் படிகாரத்தோடு சேர்ந்து கம்பளியைப் பற்றிக்கொண்டால் அதைவிட நன்றாகவே நிற்கும். சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு சிவப்புப் போட்டவர்களும் படிகாரத்தை நம்பித்தான் தொழில் செய்தார்கள். நிறத்துக்கும் நூலுக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைத்துவைப்பது அதுதான். சவரக் கடையில் தாடையில் தேய்ப்பார்களே, நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்குமே, அதே படிகாரம்.

தோல் சேர்க்கத்தான் நாளாயிற்று. சால்வை எவ்வளவு எடையோ அவ்வளவு எடைக்குத் தோல் வேண்டும். சால்வை 84 கிராம்தான். ஆனால் 84 கிராம் வெங்காயச் சருகு ஒரு தலையணை உறை நிறைய வரும். காய்கறிக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, பெட்டியின் அடியில் உதிர்ந்ததையெல்லாம் வாங்கி வந்தேன். சிவப்பு வெங்காயத் தோலைத் தனியாக ஒதுக்கிவிட்டேன். அது பெரும்பாலும் பச்சையோடிய பழுப்பாக விழும்.

முதலில் சால்வையை ஜன்னலில் பிடித்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, பூச்சி அரித்த ஓட்டையை அந்தச் சிட்டத்து நூலால் கண்ணி கண்ணியாக எடுத்துப் பின்னி மூடினேன். ஓட்டையோடு தண்ணீரில் போட்டால், நனைந்த கம்பளியின் பாரத்திலேயே அது நீண்டு ஓடிவிடும். சிட்டத்தில் மிச்சமிருந்த நூலை முதலில் சாயத்தில் போட்டுப் பார்த்தேன். இப்படி நூல் கைவசம் இல்லாதவர்கள், சால்வையின் ஓர் இழையை நெருப்பில் காட்டியாவது பார்த்துவிட வேண்டும். மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் அக்ரிலிக். அதில் இந்தச் சாயம் ஒட்டவே ஒட்டாது.

கம்பளியின் இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூட்டிலிருந்து குளிருக்கோ குளிரிலிருந்து சூட்டுக்கோ சட்டென்று மாற்றினால், அல்லது சூட்டில் போட்டுக் கலக்கினால், செதிலோடு செதில் கோத்துக்கொண்டு மொத்தமும் சிக்கி இறுகிவிடும். அப்புறம் அலையும் இல்லை, பறவைக் கண்ணும் இல்லை. ஆகவே இதில் முக்கியமான சாமான் பொறுமையும் ஒரு வெப்பமானியும். சால்வையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தேன். மறுநாள் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஒன்பது கிராம் படிகாரமும் ஐந்து கிராம் கிரீம் ஆஃப் டார்ட்டரும் கரைத்து, அதே இளஞ்சூட்டில் சால்வையை இறக்கி, ஒரு மணி நேரம் எடுத்து 80 டிகிரிக்குக் கொண்டுபோனேன். அங்கேயே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, அடுப்பை அணைத்து, தண்ணீரிலேயே ஆறவிட்டேன். இரும்புச் சட்டி ஆகாது. இரும்பு பட்டால் நிறம் கறுத்துவிடும். சமையலுக்குப் புழங்கும் பாத்திரமும் வேண்டாம்.

அன்றே தோலைக் கொதிக்கவைத்து, துணியில் இரண்டு தரம் வடிகட்டி வைத்தேன். ஒரு சருகுத் துணுக்கு உள்ளே போனால்கூட லேஸின் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். வடித்த சாயம் கட்டித் தேநீர் நிறத்தில் இருந்தது. வீடு முழுக்க வெங்காய வாடை. ஈரச் சால்வையை ஒரு கை அளவுக்குச் சுருட்டிவிடலாம். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித்தான் தூக்க வேண்டும், ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் அறுந்துவிடும். அதை ஆறிய சாயத்துக்குள் மெல்ல விட்டேன்.

கிண்டவில்லை. மரக்கரண்டியின் பின்பக்கத்தால் மிதந்த இடத்தை மட்டும் உள்ளே அமுக்கிவிட்டேன். 40 டிகிரியில் எலுமிச்சை மஞ்சள் மாதிரி வந்தது. எனக்குக் கொஞ்சம் பயம். 60ஐத் தாண்டியதும் பொன் நிறம். 80இல் முக்கால் மணி நேரம் நின்றபோது, சாயத் தண்ணீரில் தெளிவு வந்துகொண்டிருந்தது, சால்வையில் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. ஜவுளிக் கடைகளில் வெங்காயச் சருகு என்று சொல்லும் பட்டு நிறத்தில் லேசாக ரோஜா ஓடும். இதில் ரோஜா இல்லை. அதற்குப் பதிலாகத் தேனும் துருவும் கலந்த ஒரு சூடு இருந்தது. மறுநாள் காலை வரை பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, அதே அளவு சூடுள்ள தண்ணீரில் அலசினேன். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்தேன்.

கீழ்வீட்டு அம்மாளிடம் சால்வையை விரித்துக் காயவைக்க மரச் சட்டம் இருந்தது. நாலு பக்கமும் முளை அடித்த சட்டம். விளிம்பின் ஒவ்வொரு பல்லிலும் நூல் கோத்து இழுத்துக் கட்டுவார். என்னிடம் சட்டம் இல்லை. மெத்தையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, பல்லுக்கு ஒரு குண்டூசியாகக் குத்தி இழுத்தேன். மகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து குத்திக்கொண்டு வந்தாள். சுருண்டு கிடந்த கம்பளி இழுக்க இழுக்கத் திறந்தது. அலைகள் தனித்தனியாக நின்றன. எண்ணெய்த் திட்டுகள் முழுதாக மறையவில்லை. சுற்றிலும் இருந்ததைவிட ஒரு பங்கு அடர்த்தியாக, மர வரிகள் மாதிரி உள்ளே அடங்கிவிட்டன. வசம்புக் கறுப்பு அப்படியே இருந்தது. அது வெறும் கரி. எதிலும் கரையாது.

“அம்மா, இங்கே சாயம் பிடிக்கலையே” என்றாள் மகள்.

ஒரு மூலையில், அலை முடிந்து விளிம்பு தொடங்கும் நெருக்கமான பத்தியில், விரற்கடை நீளத்துக்கு வெளிறிய கோடுகள். குனிந்து பார்த்தேன். பருத்தி நூல். குறுக்கும் நெடுக்குமாக, ஓர் இழை விட்டு ஓர் இழை எடுத்து ஓட்டிய தையல். கம்பளிக்குப் பிடிக்கிற மாதிரி இந்தச் சாயம் பருத்திக்குப் பிடிக்காது. கம்பளி தேன் நிறமாகிவிட, பருத்தி பழைய வெளுப்பிலேயே நின்றுவிட்டது. அத்தனை வருஷமும் வெள்ளைக்குள் வெள்ளையாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

வேட்டிக்கு இப்படித்தான் அம்மா இழையோட்டுவாள். ஒரு பக்கம் முடிச்சே தெரியாது. பிள்ளை கால்விரலை மாட்டி இழுத்துக் கிழித்திருப்பாள். கீழ்வீட்டு அக்காவின் கண்ணில் படுமுன், தன் பெட்டியிலிருந்த பருத்தி நூலை எடுத்து, ஒரு மத்தியானம் உட்கார்ந்து அடைத்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்தச் சிட்டத்து நூல் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

மகள் அந்தக் கோடுகளை விரலால் தடவினாள். “ஆச்சியோட தையலா?” என்றாள். அதைப் பிரித்துக் கம்பளி நூலால் போடட்டுமா என்று கேட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

சால்வை காய்ந்ததும் குழுவுக்கு எடுத்துப் போனேன். மூத்தவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, பின்பக்கம் திருப்பி, பூச்சி ஓட்டை அடைத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். கம்பளி கொஞ்சமும் இறுகவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். படிகாரம் எத்தனை கிராம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆனாலும் தான் என்றால் வெள்ளையாகவே விட்டிருப்பேன் என்றார். அவரிடம் இருப்பது அவருடைய பாட்டி பின்னியது, அது வெள்ளையாகவே இருக்கட்டும். எங்களுடையது இப்போது கிளாஸ்கோ ரயிலில் தினமும் போய் வருகிறது. வெயில் பட்டு நிறம் இறங்கும். அப்போது இன்னொரு தரம் போட்டுக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டு அடுப்படிக் கதவில் ஒரு தலையணை உறை தொங்குகிறது. வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் தோலை அதில் போட்டுவைக்கிறாள்.